பதின்மூன்றாவது ஆள்

மூன்றாம் பருவம், ஏழாம் பகுதி.
ஆறாம் பகுதியில் ஏரிப் பூதம் ஏமாற்றிவிட்டது,
எட்டாம் பகுதிக்குப் பணமில்லை.
ஆகவே கார்ன்வாலில், சாய்வாய் அடிக்கும் மழையில்,
போல்வென்னா என்ற ஊரில்,
மூடிக் கிடக்கும் வெள்ளீயச் சுரங்கத்தின் வாசலில்
நாங்கள் ஏழு பேர், இரண்டு வேன், ஒரு புகை இயந்திரம்.

நான் ஒலிப்பதிவுக்காரி.
மற்றவர்கள் பேயைப் பார்க்க வருகிறார்கள்.
நான், அது மூச்சு விடுகிறதா என்று கேட்க.

கதை இதுதான்:
கீழே இறங்கும் கூட்டத்தில் பன்னிரண்டு பேர்.
சம்பளப் பேரேட்டில் பதின்மூன்று பெயர்.
கடைசிப் பெயர் ஹானிபல் கிட்டோ.
பத்தொன்பது வருடம், ஒரு நாள் விடுப்பில்லை,
ஒரு விரல் நசுங்கவில்லை,
ஒரு தடவை இருமியதில்லை.
முகம் பார்த்தவர் யாருமில்லை.
பாறைக்குப் பின்னால் தட்டும் சத்தம் மட்டும்.
ரொட்டி ஓரத்தைப் பிய்த்து இருட்டில் எறிந்தால்
காலையில் இருக்காது.
("எலி" என்றார் எங்கள் டிரைவர்.
அதை வெட்டிவிட்டோம்.)

டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு
கிறிஸ்பின் கிசுகிசுத்தார்:
"இங்கே... யாரோ... இருக்கிறார்கள்."
ஆமாம் கிறிஸ்பின், நாங்கள் ஆறு பேர்.

லவ்டே ட்ரெகியருக்குப் பாதி நாள் தபால் நிலையம்,
மீதி நாள் சேப்பலின் சாவிக்கொத்து.
கேமராவுக்காகப் பேரேட்டைத் திறந்தாள்,
சிலிர்க்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிலிர்த்தாள்.
"கட்."
எல்லோரும் தேநீருக்குப் போனார்கள்.
அவள் காலரில் இருந்த மைக்கை
நான் இன்னும் கழற்றவில்லை.

"இந்தப் பெருக்கல் குறிகளைப் பார்" என்றாள்,
"கிட்டோவின் கைநாட்டு.
இது காகிதத்தைக் கிழிக்கிற அழுத்தம்.
இது தையல் போட்டதுபோல மெலிசு.
இதோ, இந்தப் பக்கம் சாய்கிறதே,
இவள் இடது கைக்காரி."

காரன் இல்லை. காரி.

சரிந்த கூரைக்கடியில் ஏழு பேர் போன வருடம்
கம்பெனி கொடுத்தது
விதவைக்கு ஒரு பைபிள்,
வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம்.
அடுத்த மாதம் பிறந்தான் ஹானிபல் கிட்டோ,
முழு வளர்ச்சியோடு, கையில் உளியோடு,
ஒரு கணக்குப்பிள்ளையின் மைக்கூட்டிலிருந்து.
பன்னிரண்டு பேர் பதின்மூன்று பேருக்கு உடைத்தார்கள்.
முறை வைத்து ஏழு பெண்கள் கூலி வாங்கினார்கள்.
மேற்பார்வையாளர் இறங்கி வந்தால்
பாறைக்குப் பின்னால் யாராவது தட்டினார்கள்.
"பேய் இருக்கிற இடத்தில்
எவனும் நின்று தலை எண்ண மாட்டான்."

இதைக் கேமரா முன் சொன்னால் என்ன, என்றேன்.
"கம்பெனி இன்னும் இருக்கிறது,
லண்டனில், வேறு பெயரில்.
வட்டியோடு திருப்பிக் கேட்டால்?"
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"ஒரு மனிதனும் இல்லாமல்
ஒரு மனிதனைப் பத்தொன்பது வருடம் காப்பாற்றிய ஊர் இது.
நீங்கள் அரை மணி நேரத்தில் கொன்றுவிடுவீர்கள்,
நடுவில் இரண்டு விளம்பர இடைவேளையோடு."

ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன்
முப்பது வினாடி வெறும் மௌனம் பதிவு செய்வேன்.
தொழில் வழக்கம்.
அன்று சுரங்கத்தின் மௌனத்தில், இருபதாவது வினாடியில்,
மூன்று தட்டு.
கிறிஸ்பின் என் கையைப் பிடித்துக் குதித்தார்.
எனக்குத் தெரியும், அது பூட்ஸ் குதிகால்.
பேருந்து ஓட்டும் டென்சில் மேலே இரும்புத் தட்டியில் நின்று
குளிரில், பொறுமையிழந்து.

நவம்பரில் ஒளிபரப்பு. பப்பில் ஊரே நிற்கிறது.
தட்டு கேட்டதும் கூரை அதிரக் கூச்சல்,
டென்சிலுக்கு யாரோ பியர் வாங்கித் தருகிறார்கள்.
திரையில் கிறிஸ்பின், மூடுபனியில், பக்கவாட்டு முகம்:
"யார் இந்த ஹானிபல் கிட்டோ?
நமக்குத் தெரியப்போவதே இல்லை."
பப்பில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
லவ்டே சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கத்தை
வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நிமிடம், பதினொரு வினாடி.
என் வன்தட்டில் இருக்கிறது அவள் குரல்.
கோப்பின் பெயர்:
காற்று இரைச்சல். உபயோகமில்லை.